சூப்பர் மேரியோவை இப்போது ஆடினால் வேகமாக ஓடுகிறதே, எனக்கு மட்டும்தானா?

ராஜபாளையத்தான் எழுதியது:

நிண்டெண்டோ ஸ்விட்சின் ஆன்லைன் சந்தாவோடு பழைய சூப்பர் மேரியோ பிரதர்ஸும் சேர்ந்து வருகிறது. 1985இல் வந்த அதே ஆட்டம். கொஞ்ச நாளாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு அதுதான் வேலை.

கைக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. 1-1இல், அதாவது முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜில், முதல் பள்ளத்துக்குச் சற்று முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டை, அதற்குள் லைஃப் தரும் பச்சைக் காளான். 1-2இல் கூரைமேல் ஏறிக் கடைசிவரை ஓடினால் 4, 3, 2 என்று எண் போட்ட மூன்று குழாய்கள். யோசிக்கும் முன்பே விரல் செய்துவிடுகிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இந்த மேரியோ எனக்குத் தெரிந்த மேரியோவைவிட வேகமாக ஓடுகிறான். பாட்டும் அவசரப்படுகிறது. குதித்தால் நான் எதிர்பார்ப்பதற்கு முன்பே தரைக்கு வந்துவிடுகிறான். சின்ன வயதில் 8-1 வரை போனவன், இப்போது 3-1க்கே திணறுகிறேன். வயசாகிவிட்டது என்கிறார்கள் வீட்டில். இருக்கலாம். ஆட்டமே மாறியிருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை. அப்போது என்னிடம் இருந்தது தொண்ணூறுகளில் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்த அந்த டிவி கேம் பெட்டிதான். கேசட், வழக்கமான '9999 இன் 1'.

இன்னொரு கேள்வி. பழைய பாசத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் இது நல்ல ஆட்டம்தானா? எனக்கு ஆமாம் என்றுதான் படுகிறது. 1-1இன் பின்பாதியில் இரண்டு ஜோடிப் படிக்கட்டுகள் வரும். முதல் ஜோடிக்கு நடுவில் வெறும் தரை. தவறி விழுந்தாலும் ஏறி வந்துவிடலாம். அடுத்த ஜோடியில் நடுவே பள்ளம், விழுந்தால் போச்சு. ஒரு வார்த்தை சொல்லாமல் முதலில் பழக்கிவிட்டு அப்புறம் பரீட்சை வைக்கிறார்கள். முதல் காளானும் அப்படித்தான். கட்டையிலிருந்து வலப்பக்கம் போய்க் குழாயில் முட்டி, திரும்பி நம்மிடமே வருகிறது. அதுவும் எதிரியோ என்று ஒதுங்குகிறவனைக்கூட வந்து பெரியவனாக்கிவிடுகிறது. அந்த வயதில் இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை.

முரண்டு எழுதியது:

ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது, நமக்குத்தான் நாற்பது தாண்டிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நல்ல ஆட்டம்தான், 1985க்கு. மூன்றாம் பாகத்தை 1988இல் அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள். அதை ஆடிவிட்டு இதற்குத் திரும்புவது எனக்குச் சிரமம். திரை இடப்பக்கம் நகரவே நகராது, ஒரு பொருளைத் தாண்டி வந்துவிட்டால் அதை மறந்துவிட வேண்டியதுதான். பாதியில் சேமித்து வைக்க வழியில்லை. தண்ணீர் ஸ்டேஜில் நீந்துவதைப் போலச் சலிப்பான வேலை வேறு எதுவும் இல்லை.

இரண்டாம்_ஆட்டக்காரி எழுதியது:

மூன்றாம் பாகத்தின் பழைய கேசட்டிலும் சேமிக்க முடியாது முரண்டு சார். எட்டு உலகத்தையும் ஒரே மூச்சில்தான் முடிக்க வேண்டும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

கேத்தோடு எழுதியது:

ராஜபாளையத்தான், வயதை விடுங்கள். உங்கள் கையும் காதும் சரியாகத்தான் சொல்கின்றன. ஆட்டம் இப்போது நிஜமாகவே வேகமாக ஓடுகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அப்போது உங்கள் வீட்டில் அது மெதுவாக ஓடியது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி டிவி. நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இந்தியாவில் பால் (PAL) டிவி, நொடிக்கு 50 முறை. இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலும் பால்தான். அந்தக் காலத்து நிண்டெண்டோ ஆட்டங்களுக்குக் கடிகாரம் என்று தனியாக ஒன்று கிடையாது. டிவிக்கு ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு முழுத்திரைப் படம், அனுப்பினால் ஆட்டத்திலும் ஒரு துளி நேரம் நகரும், அவ்வளவுதான். மேரியோ எத்தனை புள்ளி தள்ளிப் போவது, ஆமை எப்போது திரும்புவது, பாட்டில் அடுத்த சுரம் எப்போது என்பதெல்லாம் ஃப்ரேம் கணக்கு.

நம் ஊர்ப் பெட்டிகள் ஜப்பானில் நிண்டெண்டோ விற்ற ஃபேமிகாம் பெட்டிக்கு நகல். தைவானின் யுஎம்சி போன்ற நிறுவனங்கள் பால் நாடுகளுக்கென்றே 50க்கு ஓடும் சில்லுகளைச் செய்தன. அதில் 60க்கு எழுதிய கேசட்டை அப்படியே செருகினோம். விளைவு, ஆறில் ஐந்து பங்கு வேகம். ரஷ்யாவில் 1992 முதல் விற்ற டெண்டி என்ற பெட்டியும் இதே ரகம். அதனால் இந்த வகை நேரக்கணக்குக்கு எமுலேட்டர் (பழைய பெட்டியைக் கணினியில் போலச் செய்யும் நிரல்) எழுதுகிறவர்கள் வைத்த பெயரே டெண்டி.

திரையின் மேல் 400இலிருந்து குறைகிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்கணக்கு இல்லை. 24 ஃப்ரேமுக்கு ஒன்று குறையும். 60 டிவியில் 400 முடிய 160 நொடி. 50 டிவியில் 192 நொடி. எதிரிகளும் அதே அளவு மெதுவானதால் ஆட்டத்துக்குள் எதுவும் மாறவில்லை. ஆடுகிறவனுடைய கண்ணும் கையும் மட்டும் மெதுவாகவில்லை. ஒவ்வொரு குதிப்புக்கும் நமக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகக் கிடைத்தது. 3-1இல் இப்போது திணறுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஐரோப்பாவிலும் பால் டிவி உண்டு. ஆனால் 1987இல் அங்கே முறையாக வெளியிட்டபோது நிண்டெண்டோ வேகத்தை அதற்கேற்பத் திருத்தியது, ஒரு ஃப்ரேமுக்கு மேரியோ கூடுதலாக நகரும்படி. நமக்கு அதுவும் வரவில்லை. சில பெட்டிகள் 60க்கே ஓடின என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவற்றைப் பழைய பால் டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், இல்லையென்றால் உருளும். அதனால் யாரும் விரும்பி வாங்கவில்லை.

இன்னொரு விஷயம், உங்கள் புது டிவி. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவில் அது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஆடிப் பாருங்கள்.

தாளக்கட்டை எழுதியது:

கேத்தோடு சொன்னதில் பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஒரு ஒலிநாடாவை மெதுவாக ஓட்டினால் தாளமும் தளரும், சுருதியும் இறங்கும். இங்கே சுருதி கிட்டத்தட்ட அப்படியே நின்றது, தாளம் மட்டும் தளர்ந்தது. சுருதியைத் தீர்மானிப்பது சில்லின் துடிப்பு. அது ஜப்பான் பெட்டியில் நொடிக்கு 17.9 லட்சம், இந்த நகல்களில் 17.7 லட்சம் சுமார். பெரிய வித்தியாசமில்லை. தாளத்தை எண்ணுவதுதான் ஃப்ரேம். ஆக நாம் கேட்டது அதே சுரங்களை ஒரு விளம்பக் காலத்தில்.

குரலும் வேறாக இருந்தது. பல நகல் சில்லுகளில் ஒலியலையின் வடிவத்தைக் குறிக்கும் இரண்டு அமைப்புகள், 25 சதவீதமும் 50 சதவீதமும், ஒன்றுக்கொன்று இடம் மாறிக் கிடந்தன. மூலத்தில் கூர்மையாக ஒலிக்க வேண்டியது இங்கே மொத்தையாக வரும், மொத்தையானது கூர்மையாகும். ஸ்விட்சில் கேட்கும்போது 'ஏதோ வேறு வாத்தியம்' என்று தோன்றினால் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

பாட்டை எழுதியவர் கோஜி கோண்டோ. அவருக்குக் கிடைத்தது இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல். முக்கோணம் அடித்தளச் சுரங்களுக்கு, இரைச்சல் தாளத்துக்கு, மிச்சம் இரண்டில் மெட்டும் துணையும். குதிப்பதற்கும் காசு எடுப்பதற்கும் வரும் ஒலிகளும் இதே வரிசையில்தான் இடம்பிடிக்க வேண்டும். அதனால் மேரியோ ஏதாவது செய்யும்போதெல்லாம் பாட்டின் ஒரு குரல் அந்தக் கணம் காணாமல் போய்த் திரும்பும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், தெரியும். தெரிந்த அப்புறம் அதைக் கேட்காமல் இருக்க முடியாது, அது வேறு தொல்லை. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் இந்த மெட்டைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை ஒன்று அதில் இடம்பெற்றது அதுவே முதல்முறை.

முரண்டு எழுதியது:

அருமை. அப்படியென்றால் விஷயம் இன்னும் மோசம். ராஜபாளையத்தான் கொண்டாடும் ஆட்டத்தை அதைச் செய்தவர்கள் செய்யவே இல்லை! நகல் பெட்டிக்காரன் தெரியாமல் செய்துகொடுத்த சுலபமான பதிப்பு அது.

சரி, 60லேயே பேசுவோம். 32 ஸ்டேஜ் என்று பெயர். ஐந்தாம் உலகத்திலிருந்து பாருங்கள்: 5-3 என்பது 1-3தான், மேலே குண்டுகள் பறக்கும். 5-4 பழைய 2-4. 6-4 பழைய 1-4. 7-2 பழைய 2-2. 7-3 பழைய 2-3. எதிரிகளைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, மேடைகளைக் கொஞ்சம் சுருக்கிவிட்டுத் திரும்ப விற்றிருக்கிறார்கள். இதையே இன்றைக்கு யாராவது செய்தால் விடுவோமா? 4-4, 7-4 கோட்டைகளில் தவறான வழியில் போனால் அதே இடம் திரும்பத் திரும்ப வருகிறது, எது சரி என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. 1993இல் பழைய மேரியோ ஆட்டங்களைப் புதுப்பித்து விட்ட ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில் சரியான வழிக்கு ஒரு ஒலி வைத்தார்கள். குறை இருந்தது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கேத்தோடு எழுதியது:

மறுபடி பயன்படுத்தியதற்குக் காரணம் இடம். அந்தக் கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 40 கிலோபைட். 32 நிரலுக்கும் ஸ்டேஜ் தரவுக்கும் பாட்டுக்கும், 8 படங்களுக்கு. இன்றைக்கு அந்த ஆட்டத்தின் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை சுமாரான தரத்தில் சேமித்தாலே கோப்பு அதைவிடப் பெரிதாகிவிடலாம்.

எப்படித் திணித்தார்கள் என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. முதலில் நடந்து வருகிறதே அந்தப் பழுப்புக் காளான் எதிரி, அதற்கு நடை என்று இரண்டு படம் வரையவில்லை. ஒரே படத்தை இடம் வலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டுகிறார்கள், காலை மாற்றி வைப்பதாக நமக்குத் தெரிகிறது. அந்த எதிரியைச் சேர்த்ததே வேலை முடியும் நேரத்தில்தான். ஆமை மட்டும் இருந்தால் புதிதாக ஆடுகிறவர்களுக்குக் கடினம் என்று எளிதாக மிதிக்க ஒன்று தேவைப்பட்டதாம். ஸ்டேஜ்களையெல்லாம் ஆட்டத்தை வடிவமைத்த மியாமோட்டோவும் தெசுகாவும் கட்டம் போட்ட தாளில் வரைந்துதான் நிரல் எழுதுகிறவர்களிடம் கொடுத்தார்கள்.

7-4 பற்றி முரண்டு சொல்வது நியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

வெள்ளவத்தை வாசன் எழுதியது:

இழையை இப்போதுதான் கண்டேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். 90இல் நின்ற கரண்ட் பல வருடம் வரவே இல்லை, பிறகு ரீவி கேமுக்கு எங்கே போவது? கொழும்புக்கு வந்து பெரியம்மா வீட்டில் தங்கியபோதுதான் மேரியோவை முதன்முதலில் கண்டேன். எங்களுடைய பெட்டியிலும் பாட்டு மெதுவாகத்தான் போகும். இப்போது காரணம் விளங்குது.

எங்கள் வீட்டுக் கதை 3-1. ஸ்டேஜ் முடிகிற படிக்கட்டில் இரண்டு ஆமைகள் இறங்கி வரும். ஒன்றைப் படியின் ஓரத்தில் வைத்து ஓட்டின்மேல் மிதித்துக்கொண்டே இருந்தால் 100, 200, 400 என்று ஏறி 8000 தாண்டியதும் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு லைஃப். இதை மச்சான் ஒருவர் கண்டுபிடித்துப் பெடியன்கள் எல்லாருக்கும் செய்து காட்டுவார். பத்து லைஃப் ஆனால் முதல் இலக்கத்துக்குப் பதிலாக ஒரு கிரீடம் வரும், பிறகு வாசிக்க முடியாத குறிகள் வரும். ஒருநாள் மத்தியானம் முழுக்க மிதித்துச் சேர்த்தார். அதற்குப் பிறகு ஒரு பள்ளத்தில் விழுந்தார். கேம் ஓவர்! பெட்டி பழுது என்று சொல்லி இரண்டு தட்டுத் தட்டினார்.

கேத்தோடு எழுதியது:

பெட்டி மேல் குற்றமில்லை வாசன். லைஃப் எண்ணிக்கையை ஒரே பைட்டில் வைத்திருக்கிறார்கள். 127 வரை சரி, அதைத் தாண்டினால் நிரல் அதை எதிர்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை இறந்ததும் 'லைஃப் மிச்சமில்லை' என்று முடித்துவிடும். உங்கள் மச்சானுக்குப் பேராசை கூடாது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம்_ஆட்டக்காரி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் முதல் ஜாய்ஸ்டிக் வைத்திருந்தவர்கள் போலிருக்கிறது.

இந்த ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது. மேரியோ சாகும்வரை இரண்டாவது ஆளான லூயிஜி காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மேரியோ அண்ணன். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பொத்தான்கூடக் கிடையாது, ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் உரிமையும் அவனுக்குத்தான். கேத்தோடு சொல்கிற அந்த மெதுவான பெட்டி அவனைச் சாகவே விடாது. நான் பார்த்துப் பார்த்தே மனப்பாடம் செய்தேன். எந்தக் குழாயிலிருந்து எப்போது பூ வெளிவரும், குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டி நின்றால் அது வராது என்பதுவரை.

இப்போது நான் ஸ்விட்சில் ஆடுகிறேன், 60இல். ராஜபாளையத்தானுக்கு என் பதில்: வேகமானதுதான் நல்ல ஆட்டம். நீங்கள் நடந்து ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பி பொத்தானை அழுத்தியபடியே ஆடிப் பாருங்கள். ஓடி வந்து குதித்தால் உயரம் கூடும். ஏ பொத்தானை எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அதற்கேற்பக் குதிப்பு நீளும். ஒரு கட்டை அகலம் உள்ள பள்ளத்தை ஓட்டத்திலேயே குதிக்காமல் கடந்துவிடலாம். அந்த ஓட்டம் கைக்கு வந்துவிட்டால் ஆமையும் குழாயும் நம் காலுக்குத் தோதாக வைக்கப்பட்டிருப்பது தெரியும். நின்று நின்று போகிறவருக்கு அது தெரியாது. முரண்டு சொன்ன சலிப்பும் நின்று போகிறவருக்குத்தான்.

குழாய் வழிகளில் புகுந்து இந்த ஆட்டத்தை 5 நிமிடத்துக்குள் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போட்டி போடுவது நொடியின் சின்னச் சின்னத் துண்டுகளுக்காக. ஒரு ஸ்டேஜ் முடிந்தால் அடுத்தது உடனே தொடங்காது. 21 ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் ஆட்டம் 'முடிந்ததா' என்று பார்க்கும். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாலும் அடுத்த பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும் என்கிற கதை. ஒரு பஸ் முந்தினால்தான் லாபம், நடுவில் மிச்சம் பிடித்ததற்கு மதிப்பில்லை. இதைத் தெரிந்துகொண்டு அவர்கள் ஓடுவதைப் பார்த்தால் அந்த 40 கிலோபைட்மேல் தனி மரியாதை வருகிறது.

தாளக்கட்டை எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். என் பையனுக்குக் காட்டலாம் என்று வாத்து சுடும் ஆட்டத்தின் பழைய துப்பாக்கியைத் தேடி எடுத்தேன். புது டிவியில் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கிதான் கெட்டுவிட்டதா?

கேத்தோடு எழுதியது:

துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம். அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அதன் வாயில் ஒரு ஒளி உணரி மட்டும் இருக்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு ஃப்ரேம் கறுப்பாகும், அடுத்த ஃப்ரேமில் வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். உணரி அந்தக் கணத்தில் வெளிச்சத்தைப் பார்த்தால் சுட்டதாகக் கணக்கு. பழைய குழாய் டிவியில் படம் உடனே வரும். எல்சிடியில் கொஞ்சம் தாமதித்து வருவதால் துப்பாக்கி பார்க்கிற நேரத்தில் திரையில் எதுவும் இருக்காது. பழைய டிவி கிடைத்தால் அதில் முயன்று பாருங்கள்.

ராஜபாளையத்தான் எழுதியது:

பரணில் கிடந்த பெட்டியை இறக்கினேன். அடாப்டர் போய்விட்டிருந்தது, கேசட் செருகும் இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. ஊதி ஊதி ஆடியதன் புண்ணியம். அதனால் எமுலேட்டரில் கேத்தோடு சொன்ன டெண்டி அமைப்பைப் போட்டு ஆடினேன்.

அதேதான்! தலைப்புத் திரையிலிருந்து உள்ளே போய் முதல் வரிப் பாட்டு வந்ததுமே தெரிந்துவிட்டது. 3-1ஐ லேசாகத் தாண்டினேன். 4-1இல் மேகத்தில் உட்கார்ந்து முட்களை வீசுகிறவனை மிதித்தே கொன்றேன். சுத்தியல் வீசும் ஜோடிக்கு நடுவில் புகுந்து போக நேரம் இருக்கிறது, யோசிக்க இடம் இருக்கிறது.

பிறகு ஆட்டக்காரி சொன்னபடி 60இல் பி பொத்தானை விடாமலும் ஓடிப் பார்த்தேன். அவர் சொல்வது புரிகிறது. 1-1ஐ நிற்காமல் ஓடி முடித்தால் அது வேறு ஆட்டம், சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு மெதுவான மேரியோதான் பிடித்திருக்கிறான். அதில் எதிரி வருவதைப் பார்த்து, முடிவெடுத்து, அப்புறம் குதிக்கிறேன். 60இல் குதித்துவிட்டுத்தான் பார்க்கிறேன்.

முரண்டு எழுதியது:

அப்படியானால் உங்களுக்குப் பிடித்தது மேரியோ இல்லை, கோளாறான பெட்டி.

ராஜபாளையத்தான் எழுதியது:

ஆமாம். அதனால் என்ன? நம் ஊரில் ஒரு தலைமுறையே அந்தப் பெட்டியில்தான் ஆடியது. ஜப்பான்காரருக்கு அவருடைய மேரியோ, எனக்கு என்னுடையது. நீங்கள் மூன்றாம் பாகத்தை எந்தப் பெட்டியில் ஆடினீர்கள் என்று கேட்கலாமா?

முரண்டு எழுதியது:

...அதே பெட்டியில்தான். 60இல் ஆடிப் பார்க்கிறேன், இருங்கள்.

நெறியாளர் எழுதியது:

தனிமடலில் ஆட்டக் கோப்பு கேட்டு வருகிறவர்களுக்கு: இங்கே கோப்பு இணைப்புகள் பகிரக் கூடாது. பழைய ஆட்டம் என்பதால் உரிமை போய்விடவில்லை. மற்றபடி தொடருங்கள்.

வெள்ளவத்தை வாசன் எழுதியது:

ஸ்விட்சில் பின்னோக்கி ஓட்டுகிற வசதி ஒன்று இருக்குதே, விழுந்ததும் சில நொடி பின்னால் போய் மறுபடி குதிக்கலாம். அதைப் பாவித்து முடித்தால் முடித்ததாகக் கணக்கா? எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பெரிய சண்டை.

முரண்டு எழுதியது:

கணக்கில்லை. இந்த ஆட்டத்தில் இருப்பதே விழுந்துவிடுவோமோ என்கிற பயம்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் மேகமும் புதரும், அதுவும் ஒரே படம் என்று கேத்தோடு சொல்லிவிட்டார்.

கேத்தோடு எழுதியது:

நான் இவ்வளவு கறாராக இல்லை. மூல ஆட்டத்திலேயே ஒரு சலுகை உண்டு, நம்மில் பலருக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டியோடு கையேடு எங்கே வந்தது? கேம் ஓவர் ஆனதும் தலைப்புத் திரையில் ஏ பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால், எந்த உலகத்தில் செத்தோமோ அதன் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கலாம். 7-4இல் செத்தால் 7-1. ஒவ்வொரு தடவையும் 1-1இலிருந்து ஆரம்பித்தது நாமாக அனுபவித்த தண்டனை.

நகல் ஜாய்ஸ்டிக்கில் இருந்த டர்போ பொத்தானும் ஒரு வகையில் சலுகைதானே? தண்ணீர் ஸ்டேஜில் டர்போ ஏ-யைப் பிடித்தால் தானாக நீந்திக்கொண்டே இருக்கும். தரையில் அதை அழுத்தினால் குட்டிக் குட்டியாகத் துள்ளிப் பள்ளத்தில் விழுவோம், அது வேறு. நெருப்புக்கும் பெரிய லாபமில்லை, ஒரே நேரத்தில் திரையில் இரண்டு உருண்டைக்கு மேல் வராது.

இரண்டாம்_ஆட்டக்காரி எழுதியது:

ஏ-யும் ஸ்டார்ட்டும் எங்கள் அண்ணனுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. அவனுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன்.

தாளக்கட்டை எழுதியது:

கொடிக்கம்பத்தைத் தாண்டிக் குதித்தால் ரகசிய உலகம் வரும் என்று எங்கள் தெருவில் ஒருவன் சத்தியம் செய்வான். ஸ்டேஜ் முடியும்போது சில தடவை வாணவேடிக்கை வரும், சில தடவை வராது. அதற்கு அவன் வைத்திருந்த காரணங்களைத் தனிப் புத்தகமாகவே போடலாம்.

கேத்தோடு எழுதியது:

வாணவேடிக்கைக்குக் காரணம் எளிது. கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்று இருந்தால் அத்தனை வெடி வெடிக்கும். மற்ற எண்களுக்கு எதுவும் இல்லை.

கம்பத்தைத் தாண்ட முடியும். 3-3இல் ஏறி இறங்கும் தராசு மேடையைச் சரியாகப் பயன்படுத்தினால் அந்தப் பக்கம் போய்விடலாம். போனால் தரை வந்துகொண்டே இருக்கும், ஸ்டேஜ் முடியாது, நேரம் தீர்ந்து சாவோம். ரகசிய உலகம் என்று ஒன்று நிஜமாகவே இருப்பது 1-2இல். கடைசிக் குழாய்க்கு முந்தைய சுவருக்குள் ஒரு கோணத்தில் குதித்துப் புகுந்து போனால், எண் போட்ட குழாய் நம்மை உலகம் -1க்குக் கொண்டுபோகும். அது முடிவே இல்லாத தண்ணீர் ஸ்டேஜ், கடைசிக் குழாயில் புகுந்தால் மறுபடி தொடக்கம். முரண்டுக்கு ஏற்ற இடம்.

ராஜபாளையத்தான் எழுதியது:

சரி, கடைசியாக ஒரு உதவி. 1-2 குழாயில் நாலாம் உலகம் போய், அங்கே 4-2இல் செடிக்கொடி ஏறி எட்டாம் உலகம் போகலாம் என்று ஞாபகம். இடம் மறந்துவிட்டது. 50இலேயே ஆடி எட்டை முடித்துவிடுகிறேன், 8-1 ஒரு பழைய பாக்கி.

இரண்டாம்_ஆட்டக்காரி எழுதியது:

4-2இல் ஏறி இறங்கும் மேடைகளைத் தாண்டியதும் மேலே மூன்று செங்கல் தனியாக நிற்கும். கீழே நின்று வெறும் காற்றில் முட்டுங்கள், ஒளிந்திருக்கும் காசுக் கட்டைகள் வெளியே வரும். அவற்றில் ஏறி அந்தச் செங்கற்களை முட்டினால் ஒன்றிலிருந்து கொடி கிளம்பும். உயரே போனால் 8, 7, 6 குழாய்கள். அதே 4-2இன் கடைசியிலும் ஒரு குழாய் வழி உண்டு, அது ஐந்தாம் உலகத்துக்குத்தான் போகும். அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

8-1க்குப் போனதும் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. ஆட்டத்திலேயே நீளமான ஸ்டேஜ்களில் அதுவும் ஒன்று, ஆனால் நேரம் 300 மட்டும். 50இல் ஆடினால் கடிகாரமும் சேர்ந்தே மெதுவாகும், மேரியோவும் மெதுவாகத்தான் போவான். எனவே அங்கே உங்கள் பெட்டி தருகிற சலுகை உதவாது. பி பொத்தானை அழுத்திக்கொண்டு ஓடத்தான் வேண்டும்.